ஒரே பெஞ்ச், இரண்டு வாழ்க்கை: யான்கவுஸ்கஸ் என்ற பயிற்சியாளரை எப்படி வாசிப்பது?

2004 மே 26. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். போர்ச்சுகலின் போர்ட்டோ, மொனாக்கோவை 3–0 என்று வீழ்த்தியது. அன்று போர்ட்டோவின் மாற்று வீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிவரை களமிறங்காமல், கழுத்தில் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனவர்களில் இரண்டு பேரை மட்டும் இந்தக் கட்டுரைக்காகத் தனியே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் இரண்டாம் கோல்கீப்பர் நூனோ எஸ்பிரித்தோ சாண்டோ. இன்னொருவர் உயரமான ஸ்ட்ரைக்கர், லிதுவேனியாவின் எட்கரஸ் யான்கவுஸ்கஸ். ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையை வென்ற முதல் லிதுவேனியர்.

இருவரும் பிற்பாடு பயிற்சியாளர் ஆனார்கள். நூனோ வலென்சியா, போர்ட்டோ, வுல்வ்ஸ், டாட்டன்ஹாம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று போனார். பிரீமியர் லீக் பார்க்கிற யாருக்கும் தெரிந்த முகம். யான்கவுஸ்கஸ் லிதுவேனிய தேசிய அணிக்கு இரண்டு முறை பயிற்சியாளர் ஆனார். அவர் முகம் கால்பந்து வெறியர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

அதே பெஞ்ச், அதே ஆசான் ஜோஸே மொரின்யோ, அதே கோப்பை. அப்புறம் ஏன் இப்படி?

'திறமை வேறுபாடு' என்பது உடனடி பதில். அது சோம்பேறித்தனமான பதில் என்று நினைக்கிறேன். அதைவிடச் சோம்பேறித்தனமானது எதிர்ப்பக்கத்து பதில்: 'பாவம், சின்ன நாடு, என்ன பண்ணுவார்?' இந்த இரண்டு பதில்களோடும் சண்டை போடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. யான்கவுஸ்கஸை ஹீரோவாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அவருடைய பயிற்சி வாழ்க்கையில் ஹீரோவுக்கான சரக்கும் இல்லை. அதனாலேயே அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

முதலில் ஆட்டக்காரர்.

யான்கவுஸ்கஸ் பிறந்தது 1975 மார்ச் 12, வில்னியஸில். லிதுவேனியா சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து சுதந்திரத்தை அறிவித்தது 1990 மார்ச் 11. அதாவது அவருடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். இதைவிட நேர்த்தியாக ஒரு நாவலாசிரியரால் தேதி வைக்க முடியாது. ஆனால் இதில் அழகை விடவும் கனமான ஒரு விஷயம் இருக்கிறது.

அவருக்கு முந்தைய தலைமுறை வேறொரு உலகத்தில் ஆடியது. வில்னியஸின் ஷல்கிரிஸ் கிளப் 1987இல் சோவியத் முதல் டிவிஷனில் மூன்றாம் இடம் பிடித்தது. மாஸ்கோ, கீவ், திபிலிசி அணிகளோடு வாராவாரம் மோதிப் பழகிய அணி அது. அங்கிருந்து போன அர்மினஸ் நர்பெகோவஸும் அர்விதஸ் யானோனிஸும் 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணியோடு தங்கம் வென்றார்கள். வால்தஸ் இவானவுஸ்கஸ் அதே ஷல்கிரிஸின் ஸ்ட்ரைக்கர். பிறகு ஆஸ்திரியா வியன்னாவுக்கும் ஹாம்பர்க்குக்கும் போனார்.

1990இல் சுதந்திரம் அறிவித்த கையோடு ஷல்கிரிஸ் சோவியத் லீகிலிருந்து விலகியது. அரசியலாகப் பார்த்தால் சரியான முடிவு, வேறு எதையும் செய்திருக்கவும் முடியாது. கால்பந்தாகப் பார்த்தால், அதுவரை வாராவாரம் பெரிய அணிகளோடு மோதிய பையன்கள் ஒரே நாளில் மாவட்ட அளவு லீகுக்கு வந்து விழுந்தார்கள். யான்கவுஸ்கஸ் தொழில்முறை ஆட்டக்காரராக வளர்ந்தது இந்தச் சுருங்கிய லீகில். ஆகவே அவர் வெளியே போனார். மாஸ்கோவில் சிஎஸ்கேஏ, டார்பீடோ, பெல்ஜியத்தில் கிளப் ப்ரூஹ், ஸ்பெயினில் ரியல் சோசியதாத், போர்ச்சுகலில் பென்ஃபிகா, போர்ட்டோ, பிரான்ஸில் நீஸ், ஸ்காட்லாந்தில் ஹார்ட்ஸ், கடைசிப் பகுதியில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் வரை.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்குக் கால்பந்து நட்சத்திரம் தெரியவில்லை. ஹெச்1பி விசாவில் ஊர் ஊராக பிராஜெக்ட் மாறும் ஒரு நல்ல கான்ட்ராக்டர் தெரிகிறார். போன இடத்தில் மொழி கற்றுக்கொண்டு, அங்கிருக்கும் அமைப்புக்குள் தன்னைப் பொருத்திக்கொண்டு, கொடுத்த வேலையைச் செய்து, அடுத்த விமானம் ஏறுகிறவர். லிதுவேனியாவில் கூடைப்பந்துதான் மதம். உயரமான பையன்களை அது முதலில் கூப்பிட்டுக்கொள்ளும். அந்த நாட்டிலிருந்து ஓர் உயரமான ஸ்ட்ரைக்கர் ஐரோப்பாவின் உச்சிவரை போனது சாதாரண விஷயம் அல்ல.

*

'நல்லா கோடு அடிக்கிறவனை மேனேஜர் ஆக்காதே' என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் பழமொழி. எல்லாரும் சொல்வோம், எல்லாக் கம்பெனியிலும் அதைத்தான் செய்வார்கள். டீமின் சிறந்த புரோகிராமருக்குப் பதவி உயர்வு என்று சொல்லி அவர் கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்கி மீட்டிங் அறையில் உட்கார வைப்பார்கள். ஒரு வருடத்தில் கம்பெனிக்கு நல்ல புரோகிராமர் போய்விடுவார், சுமாரான மேனேஜர் ஒருவர் கிடைப்பார்.

கால்பந்திலும் இதே பேச்சு உண்டு. பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆக மாட்டார், ஏனென்றால் தனக்கு இயல்பாக வந்ததை அவரால் சொல்லித்தர முடியாது. ஆதாரமாக மொரின்யோவையே காட்டுவார்கள். ஆட்டக்காரராக அவர் பெரிதாக ஒன்றுமில்லை. பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்று தொழில் கற்றவர்.

இந்தக் கோட்பாட்டில் ஓட்டை இருக்கிறது. 'பெரிய ஆட்டக்காரர்' என்று ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போடுகிறது. யான்கவுஸ்கஸ் அந்தப் பெட்டியில் அடங்கவே மாட்டார். அவர் மேதை அல்ல. பெரிய அணிகளில் பயன்பட்ட வீரர். டெக்கோவைச் சுற்றித்தான் போர்ட்டோவின் ஆட்டம் கட்டப்பட்டது. டெர்லேயும் பென்னி மெக்கார்த்தியும் இருந்த இடத்தில் அவர் இடத்துக்குப் போட்டி போட வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு எதுவும் இயல்பாக வந்துவிடுவதில்லை. எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும், தன்னால் எது முடியாது என்று யோசித்து யோசித்தே ஆடியிருப்பார்கள். கோட்பாட்டின்படி பார்த்தாலே, சொல்லித்தரும் தகுதி இவர்களுக்குத்தான் அதிகம். அந்த போர்ட்டோ பெஞ்சிலிருந்து பயிற்சியாளர்கள் கிளம்பி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆக, ஆட்டக்காரராக இருந்தது அவருக்குத் தடை இல்லை. சரி, எது தடை?

*

இங்கே எடின்பரோ போய்விட்டு வர வேண்டும். பயிற்சியாளர் வேலை எப்படிப்பட்டது என்பதை ஹார்ட்ஸ் கிளப் அளவுக்கு அப்பட்டமாகக் காட்டிய இடம் குறைவு.

ஹார்ட்ஸை 2005இல் கைப்பற்றியவர் விளாதிமிர் ரொமானோவ், லிதுவேனிய வங்கி முதலாளி. கவுனஸின் எஃப்பிகே கிளப்பும் அவர் கையில் இருந்தது. அங்கிருந்து லிதுவேனிய வீரர்கள் எடின்பரோவுக்கு வந்தார்கள், யான்கவுஸ்கஸ் உட்பட. 2005–06 சீசனில் ஜார்ஜ் பர்லியின் பயிற்சியில் ஹார்ட்ஸ் முதல் பத்து லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் முதலிடத்தில் இருந்தது. அக்டோபரில் பர்லி வெளியேறினார். முதலிடத்தில் இருக்கும் அணியின் பயிற்சியாளர்! அடுத்து வந்த கிரஹாம் ரிக்ஸ் மார்ச் வரை தாங்கினார். பிறகு இடைக்காலப் பொறுப்பில் வந்தவர் வால்தஸ் இவானவுஸ்கஸ், ஷல்கிரிஸின் அந்தப் பழைய ஸ்ட்ரைக்கர்.

இவானவுஸ்கஸின் அந்த இரண்டு மாதம் கதை போல இருந்தது. கோப்பை அரையிறுதியில் பரம எதிரி ஹிபர்னியனை 4–0 என்று அடித்தார்கள். பால் ஹார்ட்லி மூன்று, யான்கவுஸ்கஸ் ஒன்று. லீகில் இரண்டாம் இடம். செல்டிக், ரேஞ்சர்ஸ் இருவருக்கும் நடுவே இன்னொரு அணி நுழைவது ஸ்காட்லாந்தில் அபூர்வம். இறுதியாட்டத்தில் மூன்றாம் அடுக்கு கிளப்பான க்ரெட்னாவிடம் 1–1 என்று திணறி, பெனால்டியில் 4–2 என்று கோப்பையைத் தூக்கினார்கள்.

அடுத்த அக்டோபரில் எல்லாம் உடைந்தது. இவானவுஸ்கஸ் உடல்நலக் காரணத்தால் விடுப்பில் போனார். கேப்டன் ஸ்டீவன் பிரெஸ்லி, க்ரெய்க் கார்டன், ஹார்ட்லி மூவரும் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து, டிரெஸ்ஸிங் ரூமில் உள்ள அதிருப்தியைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். திரும்பி வந்த இவானவுஸ்கஸின் ஆட்சியும் 2007 மார்ச்சோடு முடிந்தது. 2013இல் ரொமானோவின் யூகியோ வங்கி கவிழ்ந்தது, ஹார்ட்ஸ் திவால் நடைமுறைக்குள் போனது.

இந்தக் கதையில் பயிற்சியாளரின் வியூகம் எங்கே தீர்மானித்தது? ஏதோ ஓரிடத்தில் நிச்சயமாகத் தீர்மானித்திருக்கும். ஆனால் பர்லியின் வேலை போனது வியூகத்தால் அல்ல. இவானவுஸ்கஸுக்கு வேலை வந்ததும் வியூகத்தால் மட்டும் அல்ல. முதலாளி யார், அவர் யாரை நம்புகிறார், எந்த வீரரை வாங்கலாம், எவரை விற்கலாம் என்ற முடிவு யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கான பதில்களுக்கு இடையில் கிடைக்கும் சந்து எவ்வளவோ, பயிற்சியாளரின் சுதந்திரம் அவ்வளவுதான். யான்கவுஸ்கஸ் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர் அவர்.

*

2016இல் லிதுவேனியா அவரைத் தேசிய அணிக்குப் பயிற்சியாளர் ஆக்கியது. அதற்கு முன் மாஸ்கோ லோகோமோடிவில் உதவிப் பயிற்சியாளராகவும், உள்ளூரில் த்ராகாய் கிளப்பிலும் வேலை பார்த்திருந்தார்.

உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று தொடங்கியது. செப்டம்பர் 4, ஸ்லோவேனியாவுக்கு எதிராக வில்னியஸில் முதல் பாதியிலேயே 2–0. எழுபத்தேழாம் நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினார்கள், கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 2–2. அடுத்த மாதம் கிளாஸ்கோவின் ஹேம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து. பத்து வருடம் முன்பு யான்கவுஸ்கஸ் கோப்பை வென்ற அதே மைதானம். ஃபெடோர் செர்னிக் கோல் போட, எண்பத்தொன்பதாம் நிமிடம் வரை லிதுவேனியா முன்னிலை. அப்புறம் ஜேம்ஸ் மெக்கார்தரின் கோல். 1–1. மூன்று நாள் கழித்து மால்டாவை 2–0 என்று வென்றார்கள்.

மூன்று ஆட்டம், ஐந்து புள்ளி, தோல்வி இல்லை. அடுத்த ஏழு ஆட்டங்களில் ஒரே புள்ளி, அதுவும் மால்டாவில் ஒரு டிரா. இறுதிப் பட்டியல்: இங்கிலாந்து 26, ஸ்லோவாக்கியா 18, ஸ்காட்லாந்து 18, ஸ்லோவேனியா 15, லிதுவேனியா 6, மால்டா 1.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்த இரண்டு கடைசி நேர கோல்களும் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். லிதுவேனியாவுக்கு நான்கு புள்ளி கூடும்: 10. ஸ்லோவேனியாவுக்கு ஒன்று குறையும்: 14. லிதுவேனியா அப்போதும் ஐந்தாம் இடம்தான்!

இந்தக் கணக்கை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஹேம்ப்டனில் வென்றிருந்தால் யான்கவுஸ்கஸ் ஒரு தலைமுறைக்கே பேசப்படும் பயிற்சியாளர் ஆகியிருப்பார், தலைப்புச் செய்திகள் வந்திருக்கும். ஆனால் அட்டவணையில் அவர் நாடு அசைந்தே இருக்காது. கதைக்கும் அட்டவணைக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, 'நல்ல பயிற்சியாளரா இல்லையா' என்பதை எதை வைத்து எடைபோடுவது? கதையை வைத்தா, அட்டவணையை வைத்தா? விளையாட்டு எழுத்தில் பெரும்பகுதி வசதிக்கேற்ப இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஜெயித்தவருக்கு அட்டவணை, தோற்றவருக்குக் கதை.

2018இல் நேஷன்ஸ் லீக் வந்தது. செர்பியா, ருமேனியா, மான்டினீக்ரோ. ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. அந்த வருடத்தோடு அவருடைய முதல் அத்தியாயம் முடிந்தது.

*

நூனோவுக்குத் திரும்புவோம். வுல்வ்ஸுக்கு அவர் 2017இல் போனபோது அது இரண்டாம் டிவிஷன் அணி. ஒரே சீசனில் மேலே ஏற்றினார், பிறகு பிரீமியர் லீகில் தொடர்ந்து இரண்டு முறை ஏழாம் இடம். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அவர் போன அதே கோடையில் ரூபென் நெவெஸும் போர்ட்டோவிலிருந்து அந்த இரண்டாம் டிவிஷனுக்கு வந்தார். சாம்பியன்ஸ் லீக் ஆட வேண்டிய மிட்ஃபீல்டர். ஏஜென்ட் ஜார்ஜ் மென்டிஸின் முதல் வாடிக்கையாளரே நூனோதான் என்பதையும், மென்டிஸுக்கு வுல்வ்ஸ் உரிமையாளர்களோடு இருந்த நெருக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

யான்கவுஸ்கஸால் மிட்ஃபீல்டர் வாங்க முடியாது. ஒரு தேசியப் பயிற்சியாளருக்கு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் சில நாள் பயிற்சி. வீரர்களை உருவாக்குவது வேறு யாரோ. லீகை நடத்துவது, மைதானம் கட்டுவது எல்லாம் வேறு யாரோ. எங்கள் பாஷையில் சொன்னால், கமிட் பண்ண அனுமதி இல்லாமல் புரொடக்‌ஷனுக்குப் பொறுப்பு. ராத்திரி மூணு மணிக்கு சிஸ்டம் விழுந்தால் போன் உங்களுக்கு வரும். கோடைத் திருத்தும் உரிமை மட்டும் உங்களுக்கு இல்லை.

வில்னியஸில் தேசிய மைதானம் கட்டும் வேலை தொடங்கியது 1987இல், யான்கவுஸ்கஸுக்குப் பன்னிரண்டு வயது. அவர் வளர்ந்து, ஆடி, சாம்பியன்ஸ் லீக் வென்று, ஓய்வு பெற்று, பயிற்சியாளர் ஆகி, 2017இல் இங்கிலாந்து வில்னியஸுக்கு வந்தபோதும் அந்த மைதானம் முடிந்திருக்கவில்லை. செயற்கைப் புல் போட்ட, ஐயாயிரம் பேர் அளவுக்கு இடமுள்ள ஒரு சின்ன மைதானத்தில்தான் ஹாரி கேன் வந்து பெனால்டி போட்டுவிட்டுப் போனார்.

*

'அப்போ எல்லாம் அமைப்பின் குற்றம், ஆள் நிரபராதி' என்று இத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

லாட்வியா. லிதுவேனியாவைவிட மக்கள்தொகை குறைவு, அதே சோவியத் பின்னணி, அதே ஒடுங்கிய லீக். 2003இல் பிளே-ஆஃபில் துருக்கியை வீழ்த்தி யூரோ 2004க்குத் தகுதி பெற்றது. அங்கே ஜெர்மனியோடு 0–0 டிரா செய்தது. யான்கவுஸ்கஸ் ஆடிக்கொண்டிருந்த அதே போர்ட்டோ நகரில், அவர் ஐரோப்பியக் கோப்பை வென்ற மறுமாதம்! அந்த அணியின் பயிற்சியாளர் அலெக்சாந்தர்ஸ் ஸ்டார்கோவ்ஸ், அவரும் முன்னாள் ஸ்ட்ரைக்கர்தான். ஒரு முக்கியமான வித்தியாசம் இருந்தது. தொடர்ந்து பதினான்கு முறை லாட்விய லீகை வென்ற ஸ்கோன்டோ கிளப்பையும் அவரே நீண்டகாலம் பயிற்றுவித்தவர். கிளப்பில் வளர்த்தவர்களையே தேசிய அணியில் இறக்கினார். வருடம் முழுக்க அவர் கையில் அணி இருந்தது.

ஐஸ்லாந்து இன்னும் சின்னது, 2016இல் மூன்றரை லட்சம் பேர்கூட இருக்கவில்லை. 2016 யூரோவில் இங்கிலாந்தை வென்று காலிறுதி போனது. அதன் இணைப் பயிற்சியாளர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன் ஒரு பல் டாக்டர். உள்ளரங்க மைதானங்கள் கட்டி, உரிமம் பெற்ற பயிற்சியாளர்களைச் சின்னப் பிள்ளைகளின் அணிகள்வரை இறக்கிய பிறகு கிடைத்த பலன் அது.

அதனால் 'சின்ன நாடு' என்ற வாதம் செல்லாது. லிதுவேனியாவின் தேர்வுகளைத்தான் கேள்வி கேட்க வேண்டும். என் விமர்சனம் யான்கவுஸ்கஸைவிட அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல்தான் அதிகம்.

பெயர்களைப் பாருங்கள். 2021இல் தேசியப் பயிற்சியாளராக வந்தவர் இவானவுஸ்கஸ். 2022இல் அவர் போனார். நடுவில் இடைக்கால ஏற்பாடு. 2023இல் திரும்பவும் யான்கவுஸ்கஸ். 2006இல் எடின்பரோவில் பயிற்சியாளராகவும் ஸ்ட்ரைக்கராகவும் இருந்த இருவர், பதினைந்து வருடம் கழித்து ஒரே நாற்காலியில் மாறி மாறி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊரில் ஆலையும் இருந்தது. வால்தஸ் டம்பிரவுஸ்கஸ் பெரிய ஆட்டக்காரராக இருந்தவரல்ல, பயிற்சித் தொழிலை இங்கிலாந்தில் கற்றவர். ஷல்கிரிஸுக்கு லீக் பட்டங்கள் வாங்கித் தந்து, பல்கேரியாவின் லுடோகோரெட்ஸ், குரோஷியாவின் ஹைதுக் ஸ்ப்லிட் என்று போனார். ஹைதுக்கோடு 2022 குரோஷியக் கோப்பையை வென்றார். அவரைப் போன்ற ஒருவர் தேசிய அணிக்கு வருவாரா என்பது வேறு விஷயம். நான் சொல்ல வருவது, பயிற்சியாளர் என்றால் கோப்பை தொட்ட கை என்றே ஒரு சங்கம் நினைக்கும்போது, அது தேடுவது பயிற்சியாளரை அல்ல, ஞாபகத்தை.

*

இரண்டாம் அத்தியாயத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். யூரோ 2024 தகுதிச்சுற்றில் ஐந்து அணிகளில் நான்காம் இடம், 1994 உலகக்கோப்பை அரையிறுதி வரை போன பல்கேரியாவுக்கு மேலே. குழுவில் முதலிடம் பிடித்த ஹங்கேரியோடு 2–2. 2024 மார்ச்சில் ஜிப்ரால்டரை இரண்டு முறையும் 1–0 என்று வென்று நேஷன்ஸ் லீகின் மூன்றாம் அடுக்கில் தங்கினார்கள். அதே வருடம் அந்த மூன்றாம் அடுக்கில் ருமேனியா, கொசோவோ, சைப்ரஸ். ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. 2018இல் வந்த அதே எண். 2025 செப்டம்பரில் கவுனஸில் நெதர்லாந்து 2–0 என்று முன்னேறியது. லிதுவேனியா 2–2 ஆக்கியது. மெம்ஃபிஸ் டிபாய் கோல் போட்டு 3–2 என்று முடித்தார்.

ஆறுக்கு ஆறு தோல்வி இரண்டு முறை என்பதை எந்த அமைப்பின் மேலும் முழுதாகச் சுமத்த முடியாது. சைப்ரஸும் கொசோவோவும் வல்லரசுகள் அல்ல. தனக்குச் சமமான அணிகளுக்கு எதிராக யான்கவுஸ்கஸின் அணி தடுமாறுகிறது, தன்னைவிடப் பெரிய அணிகளுக்கு எதிராக நிமிர்கிறது. பந்து எதிராளியிடம் இருக்கும்போது என்ன செய்வது என்று அந்த அணிக்குத் தெரிகிறது. பந்து தன்னிடம் வரும்போது கை காலெல்லாம் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இதற்கு அவர்தான் பொறுப்பு. இங்கே நான் அவருக்குச் சலுகை தர மாட்டேன்.

ஆனாலும் 2018இல் அவ்வளவு அடிபட்டுப் போன மனிதர், ஐந்து வருடம் கழித்து அதே வேலைக்கு ஏன் திரும்பினார் என்ற கேள்வி என்னை விடவில்லை. கோப்பை கிடைக்காது என்று தெரியும். வாங்க வீரர் இல்லை என்று தெரியும். ஆட்டக்காரர் யான்கவுஸ்கஸ் எப்போதும் அடுத்த விமானம் ஏறியவர். தனக்கு ஒத்துவராத இடத்திலிருந்து கிளம்பிப் போகும் உரிமைதான் அவருடைய தொழில் வாழ்க்கையைச் செய்தது. பயிற்சியாளர் யான்கவுஸ்கஸ் தோற்ற இடத்துக்கே திரும்பி வருகிறார். ஆட்டக்காரரிலிருந்து பயிற்சியாளராக மாறுவது என்பதற்கு எனக்குக் கிடைக்கும் தெளிவான அர்த்தம் இது. அங்கே தன் வேலையை மட்டும் பார்த்தால் போதும். இங்கே பதினோரு பேரின் வேலைக்கும், அவர்களை வளர்க்காத லீகுக்கும், முடியாத மைதானத்துக்கும் சேர்த்து மைக் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அப்படிப் பதில் சொல்ல நிற்பது மதிக்கத்தக்கது. அது மட்டுமே நல்ல பயிற்சியாகிவிடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றை வைத்து ஒன்றை அழிக்காமல் சேர்த்துச் சொல்லும் பொறுமை விளையாட்டு விமர்சனத்துக்கு வர வேண்டும். நூனோவைப் பற்றி எழுத அந்தப் பொறுமை தேவைப்படாது, புள்ளிப் பட்டியல் போதும். யான்கவுஸ்கஸைப் பற்றி எழுதத்தான் விமர்சனம் வேண்டியிருக்கிறது.